உள்ளம் எந்த மொழியில் நினைக்கிறது?

பாறசாலையில் பேருந்து ஏறித் தெற்கே செல்பவர் சில நிமிடங்களில் களியக்காவிளையை அடைந்துவிடுவார். அவ்வளவில் ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்கிவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. மண் மாறுவதில்லை, அதே செம்மண், அதே தென்னை, அதே மரச்சீனி விளை. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் வாழும் குடும்பங்கள் பல. நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைச் சிற்றூர்களில் வளரும் பிள்ளை, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் கேட்டு, சந்தையில் இரண்டையும் கலந்து பேசி வளர்கிறது. எங்கே எம்மொழி என்று அதற்கு எவரும் பாடம் சொல்லித் தருவதில்லை. எதிரே நிற்பவர் முகத்தைக் கண்டதும் நாவே மொழியைத் தேர்ந்துகொள்கிறது.

இத்தகைய பிள்ளையிடம் வீட்டுக்கு வரும் விருந்தினர் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு. "மக்களே, நீ மனசுக்குள்ள எந்தப் பாஷையில நெனைக்கிற?" பிள்ளை உடனே விடை சொல்வதில்லை. முதலில் கேட்டவர் முகத்தைப் பார்க்கும். பின் கதவோரம் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகே விடை வரும். அவ்விடை பெரும்பாலும் கேட்டவர் விரும்பிய விடையாகவே இருக்கும். விருந்தினர் மகிழ்வார், தாயும் மகிழ்வாள். பிள்ளையின் உள்ளத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதை மட்டும் எவரும் அறியார்.

யாம் இவ்வெல்லைப்புறத்தில் பல்லாண்டு உளவியல் கற்பித்தவர்கள். இவ்வினாவைக் கேட்கும்போதெல்லாம் எமக்குப் பழைய வகுப்பறை ஒன்று நினைவுக்கு வரும். அங்கே யாம் செய்த பிழை ஒன்றும் உடன்வரும். அப்பிழையைச் சொல்லி, அதன் வழியே ஒரு வினாவை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே நோக்கி உள்ளது உள்ளவாறு சொல்லுதல் இயலுமா? இயலுமெனில், அதனைக் கேட்பவர்க்குரிய கடமை யாது?

எல்லையும் வினாவும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவற்றுக்கு அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அந்நாளைய தமிழர் இயக்கத்தின் வேட்கையும் போராட்டமும் ஈகமும் நம் முதியோர் நன்கறிந்தவை. ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாம் சொல்ல விழைவது ஒன்றே. எல்லைக் கோட்டை எங்கே வரைவது என்பதற்கு, மக்கள் எம்மொழி பேசுகின்றனர் என்னும் எண்ணிக்கை அன்று சான்றாக வைக்கப்பட்டது. எனவே, "உன் மொழி எது?" என்னும் வினா இப்பகுதியில் வெறும் நலம் உசாவும் பேச்சாக ஒருநாளும் இருந்ததில்லை. விடை சொல்பவர் ஒரு பக்கம் சேர்க்கப்பட்டுவிடுவார்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பிழைப்பு நாடிப் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் குடிபெயர்ந்தவை. அவர்தம் இல்லங்களில் எல்லைக்கோடு நடுக்கூடத்திலேயே ஓடுகிறது. அடுக்களையில் தமிழும் பிள்ளைகளின் அறையில் வேறு மொழியுமாக நாள் கழிகிறது. பாறசாலைப் பிள்ளையிடம் கேட்கப்படும் வினா, அங்கே வளரும் பிள்ளையிடமும் கேட்கப்படுகிறது. ஆதலின் யாம் சொல்லப்போவது அவர்களுக்கும் உரியதே.

லைப்சிக் நகரின் ஆய்வகம்

உள்ளத்தைப் பற்றி ஆராயாத நாடு இல்லை. ஆராயாத சமயமும் இல்லை. ஆயின், ஒருவரை இருக்கையில் அமர்த்தி, ஒலியோ ஒளியோ காட்டி, "இப்போது உமக்குள் தோன்றியது யாது?" என்று கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு, அதையே மறுபடியும் மறுபடியும் செய்து பார்க்கும் முறை, 1879இல் செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வுண்ட் அமைத்த ஆய்வகத்தில்தான் வேரூன்றியது. இம்முறையை நம் பாடநூல்கள் அகநோக்கு முறை என்று வழங்கும்.

அதே ஆண்டுகளில் நம் திருவனந்தபுரத்தில் உளவியல் தத்துவப் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. மனோன்மணீயம் தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவ்வூர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த காலம் அது. செய்முறை உளவியலுக்கென இந்தியாவில் தனித்துறை தோன்றியது 1916இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில். மைசூரில் அது 1924இல் தோன்றியது.

அகநோக்கு என்றவுடன், கண்ணை மூடிக்கொண்டு மனம்போன போக்கில் எண்ணுவது என்று மாணவர் கருதிவிடுவர். வுண்ட் அதை ஏற்றவர் அல்லர். அவர் விதித்த கட்டுப்பாடுகள் கடுமையானவை. காண்பவர் தூண்டல் எப்போது வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கவனத்தைக் கூர்மையாக்கிக் காத்திருக்க வேண்டும். அதே அனுபவத்தைப் பன்முறை வருவிக்க இயல வேண்டும். தூண்டலின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்கவும் இயல வேண்டும். பதினாயிரம் முறையேனும் இவ்வகைப் பயிற்சி பெறாதவரின் சொல்லை வுண்டின் ஆய்வகம் வெளியிடத்தக்கதாகக் கொள்ளவில்லை என்று, உளவியல் வரலாறு எழுதிய போரிங் குறிப்பிடுகிறார்.

மாணவர்க்கு இதனை விளக்க எளிய வழி, இசை பயில்வோர் வைத்திருக்கும் மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியே. அதனை மெல்ல ஓடவிட்டால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நெஞ்சில் ஒரு விறைப்பு எழும். அடி விழுந்தவுடன் அது தளரும். விரைவாக ஓடவிட்டால் ஒரு கிளர்ச்சி எழும். சில தாளம் இனிக்கும்; சில எரிச்சலூட்டும். வுண்ட் இப்படிக் கேட்டிருந்தே, உணர்ச்சிக்கு இன்பம்-துன்பம், விறைப்பு-தளர்வு, கிளர்ச்சி-அமைதி என்னும் மூன்று போக்குகள் உண்டு என்று வகுத்தார். எம் மாணவர் இச்சோதனையைச் செய்து முடித்ததும் வியப்போடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர். அடியும் அடுத்த அடியும் காதில் விழுந்தவை. இடையே எழுந்த விறைப்போ எவர் காதிலும் விழாதது. ஆயினும் அஃது இருந்தது என்பதை ஒவ்வொருவரும் அறிவர். அகநோக்கு என்பது யாது என்று அவ்வொரு கணம் உணர்த்திவிடும்.

கவராயத்தின் இரு முனைகள்

வுண்டிடம் பயின்ற ஆங்கிலேயர் டிட்ச்னர். அவர் 1892இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சென்று, இம்முறையை மேலும் கடுமையாக்கினார். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் தனித்தனியே அவர் எழுதிய செய்முறைக் கையேடுகள் 1901இலும் 1905இலும் வெளிவந்து, ஒரு தலைமுறை முழுவதும் பல நாட்டு ஆய்வகங்களை ஆண்டன.

டிட்ச்னர் மிகவும் அஞ்சிய தவறு ஒன்றுண்டு. அதனைத் தமிழில் தூண்டற்பிழை எனலாம். உள்ளே உணர்ந்ததைச் சொல்லாமல், வெளியே இருப்பதாகத் தாம் அறிந்த பொருளைச் சொல்லிவிடுவதே அப்பிழை.

இதனைக் கற்பிக்கக் கணக்குப் பெட்டியில் உள்ள கவராயம் போதும். அதன் இரு முனைகளையும் சற்றே அகற்றி விரல் நுனியில் மெல்ல வைத்தால், இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளியையும் விரல் உணர்ந்து "இரண்டு" என்னும். அதே இடைவெளியை முதுகில் வைத்தால் ஒரு முனையாகவே தோன்றும். அங்கே இரண்டாக உணர நாற்பது மில்லிமீட்டர் அளவேனும் வேண்டும். ஆயின், கவராயத்துக்கு இரு முனை உண்டு என்று முன்பே கண்ட மாணவன், முதுகில் ஒன்றாக உணர்ந்தும் "இரண்டு" என்றே சொல்லுவான். அவன் பொய்யன் அல்லன். அறிந்தது உணர்ந்ததை மூடிவிட்டது, அவ்வளவே.

"அறிந்ததைச் சொல்லாதே, உணர்ந்ததைச் சொல்" என்று யாம் ஆண்டுதோறும் அறிவுறுத்துவோம். உரிய பாடம்தான். எமக்கே அது பொருந்தும் என்பதை யாம் உணராது போனதே பின்வரும் செய்தி.

'வெள்ளம்' என்னும் சொல்

ஓராண்டு, பாடநூற் சோதனைகளோடு நம் மண்ணுக்கேற்ற சோதனை ஒன்றையும் செய்ய எண்ணினோம். எம் வகுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இருந்தனர். இரண்டில் எது என்று தாமே அறியாதோரும் இருந்தனர். இரு மொழிக்கும் பொதுவான, ஆனால் பொருள் வேறுபடும் சொற்களைத் தேர்ந்தோம். 'அவசரம்' என்பது தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. 'வெள்ளம்' என்பது தமிழில் பெருக்கெடுத்து வரும் நீர். மலையாளத்தில் குடிக்கும் நீரும் வெள்ளமே. விளவங்கோட்டுத் தமிழரும் தாகம் எடுத்தால் வெள்ளம் கேட்பவர்களே.

சொல்லை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கொடுத்தோம். தாளில் இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தோம். உள்ளத்தில் தோன்றிய படம் எது என்பதற்கு ஒன்று; தோன்றிய மொழி எது என்பதற்கு மற்றொன்று.

விடைகள் எமக்கு மகிழ்ச்சி தந்தன. பெரும்பாலோர் கரை புரளும் ஆற்றைக் கண்டிருந்தனர். மொழி தமிழ் என்று எழுதியிருந்தனர். இரு கிழமை கழித்து, மலையாளம் பேசும் ஆசிரிய நண்பர் ஒருவர் எம் வேண்டுகோளின்படி அதே சோதனையை அதே வகுப்பில் மலையாளத்தில் நடத்தினார். இம்முறை ஆறு குறைந்தது. குடமும் செம்பும் மிகுந்தன. மொழிக் கட்டத்தில் மலையாளம் ஏறியது. மாணவர் அவர்களே, சொல்லும் அதுவே. கேட்டவர் மட்டுமே மாறினார். இதில் எம்மை ஏமாற்ற எண்ணியவர் எவருமிலர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒவ்வொருவரும் உள்ளே பார்த்துத்தான் எழுதினர். பார்க்கும் முன்னரே, கேட்டவர் முகம் அவர்தம் உள்ளத்தில் ஏறி அமர்ந்துவிட்டது.

இவ்வளவில் நின்றிருந்தால் நல்ல பாடம் என்று மகிழ்ந்திருப்போம். முதற் சோதனையின் விடைத்தாள்களில் ஒன்று வேறாக இருந்தது. மாணவி ஒருத்தி இரு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, அவற்றின் கீழே இவ்வாறு எழுதியிருந்தாள்: "சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அப்போது படமும் இல்லை, மொழியும் இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று தேடிய பிறகுதான் ஆறு வந்தது."

யாம் அத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையால், "கவனக்குறைவு, மீண்டும் செய்க" என்று எழுதினோம். அவள் மீண்டும் செய்தாள். இம்முறை கட்டங்கள் நிரம்பியிருந்தன. படம்: ஆற்று வெள்ளம். மொழி: தமிழ். முழு மதிப்பெண் வழங்கினோம்.

வூர்ட்ஸ்பர்க்கும் கார்னெலும்

எம் பிழை எவ்வளவு பெரிது என்பதை உணர, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த அறிவுப்போர் ஒன்றை அறிதல் வேண்டும்.

வுண்டின் மாணவரான கூல்ப்பெ, வூர்ட்ஸ்பர்க் நகரில் தமக்கென ஓர் ஆய்வுக் குழுவை உருவாக்கினார். அக்குழுவைச் சேர்ந்த மார்பெ, 1901இல் வெளியிட்ட ஆய்வில், இரு எடைகளைத் தூக்கச் செய்து எது கனமானது என்று கேட்டார். எல்லோரும் சரியாகச் சொல்லினர். ஆனால் 'இதுவே கனம்' என்னும் தீர்ப்பு உள்ளத்தில் எப்படி உருவாயிற்று என்று கேட்டபோது, காட்டத்தக்க எதுவும் அங்கே இல்லை. தீர்ப்பு வந்துவிட்டது, வந்த வழி தெரியவில்லை. பின்னர் பூலர் 1907இல் கடினமான கருத்துகளைச் சொல்லி, அவை விளங்கியபோது உள்ளே நிகழ்ந்தது யாது என்று வினவினார். அவர் முன் அமர்ந்து விடை சொன்னவர்களுள் பேராசிரியர் கூல்ப்பெயும் ஒருவர். பொருள் விளங்கிற்று, அவ்வேளையில் படமும் இல்லை, சொல்லும் இல்லை என்பதே மீண்டும் மீண்டும் கிடைத்த விடை. இதனை உருவற்ற சிந்தனை என்றனர்.

கார்னெலில் டிட்ச்னர் இதனை ஏற்கவில்லை. அவருடைய மாணவர் உள்ளே நோக்கியபோது, மங்கிய படமோ தசையின் இறுக்கமோ தொண்டையின் சிறு அசைவோ எப்போதும் கிடைத்தது. வூர்ட்ஸ்பர்க்கினர் கூர்ந்து நோக்கவில்லை என்பது அவர் முடிவு. வுண்டும் பூலரின் முறையைப் போலிச் சோதனை என்று கடிந்தார். ஒரு பல்கலைக்கழகத்தார் உள்ளே பார்த்தால் ஒன்று இருக்கிறது. மற்றொரு பல்கலைக்கழகத்தார் பார்த்தால் அஃது இல்லை. யார் சொல்வது மெய் என்று தீர்க்க மூன்றாவது கண் ஒன்றில்லை.

இப்பூசலைக் கண்டு சலித்த வாட்சன் 1913இல் எழுதிய கட்டுரை உளவியலின் போக்கையே திருப்பியது. ஏனைய அறிவியல்களில் முடிவு பிழைத்தால் கருவியையும் சூழலையும் ஐயுறுகின்றனர். இங்கோ காண்பவருக்குப் பயிற்சி போதாது என்று அவரையே குற்றம் சாட்டுகின்றனர் என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று. உள்ளத்தை விடுத்து வெளிப்படும் நடத்தையை மட்டுமே ஆராய்வோம் என்றார் அவர். பல பத்தாண்டுகள் அவர் வழியே செல்வாக்குப் பெற்றது.

இவ்வரலாற்றை யாம் ஆண்டுதோறும் கற்பித்தவர்கள். வூர்ட்ஸ்பர்க்கில் பேராசிரியர் கண்டு சொன்னபோது அஃது ஆராய்ச்சி முடிவாயிற்று. எல்லைப்புறச் சிற்றூரின் மாணவி அதையே கண்டு தன் எளிய தமிழில் எழுதியபோது, எம் கண்ணுக்கு அது கவனக்குறைவாகப் பட்டது. வாட்சன் குறை கூறிய அதே செயலைச் செய்தோம்: எம் கட்டங்களை ஐயுறாமல் அவள் பார்வையை ஐயுற்றோம். இரு மொழிக்கு நடுவே வாழ்ந்ததனாலேயே, மொழிக்கு முற்பட்ட அக்கணத்தை அவள் கண்டிருக்கவும் கூடும். அதனைத் தன் கண்ணை நம்பி எழுதினாள். இரண்டாம் முறை எம் கண்ணை நம்பி எழுதினாள். யாம் அவளுக்குக் கற்பித்தது அதுவே. உண்மையை அறிந்தபோது அவள் படிப்பு முடித்துச் சென்றுவிட்டிருந்தாள்.

ஏற்பதும் மறுப்பதும்

அப்படியாயின் அகநோக்கு முற்றும் பொய்யோ? உள்ளம் தன்னையே இரண்டாகப் பிளந்து, ஒன்று எண்ணவும் மற்றொன்று அதைக் காணவும் இயலாது என்று பிரெஞ்சு அறிஞர் கோந்த் முன்பே மறுத்திருந்தார். இருள் எப்படி இருக்கிறது என்று காண விளக்கை ஏற்றுவதை ஒத்தது இம்முயற்சி என்னும் பொருள்பட வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். பிற்காலச் சோதனைகளும் இவ்வையத்தை வலுப்படுத்தின. நிஸ்பெட், வில்சன் என்னும் இருவர் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் சோதனை ஒன்று பலரும் அறிந்தது. ஒரே வகையான நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலர் எடுத்தனர். காரணம் கேட்டபோது நெசவையும் நயத்தையும் சொன்னார்களேயன்றி, வைக்கப்பட்ட இடம் தம்மை இழுத்தது என்று சொன்னவர் ஒருவருமிலர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். 'ஏன் செய்தாய்?' என்பதற்கு உள்ளம் தரும் விடை பெரும்பாலும் பின்னர்ப் புனைந்த காரணமே. 'இப்போது என்ன உணர்கிறாய்?' என்பதற்கு அது தரும் விடைக்கு வேறு மதிப்பு உண்டு. இன்றும் மருத்துவர் நோயாளியிடம், வலி பத்தில் எத்தனை என்று கேட்கின்றனர். வலியை நேரே அளக்கும் கருவி அவரிடம் இல்லை. நோயாளியின் சொல்லே கருவி. அச்சொல்லைத் தள்ளிவிட்டால் மருத்துவமே கொடுமையாகிவிடும். ஆகவே அகநோக்கு பிழைபடக்கூடிய சான்று. எனினும் வேறு சான்று இல்லாத இடத்துச் சான்று.

அச்சான்று கெடுவது பெரும்பாலும் சொல்பவரால் அன்று, கேட்பவரால் என்பதே யாம் கற்ற பாடம். வூர்ட்ஸ்பர்க் குழுவில் பணியாற்றிய வாட் என்பார் 1905இல் கண்டது இதனை விளக்கும். ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லைச் சொல்லவேண்டும் என்னும் சோதனையை அவர் நான்கு கட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்தார். விடையைத் தேடும் கட்டத்தில்தான் சிந்தனை நிகழும் என்று எவரும் எண்ணுவர். அங்கே காணத்தக்கது சிறிதே இருந்தது. சொல் வருமுன், "இன்ன வகை விடை வேண்டும்" என்று இட்ட பணியே விடையின் வழியைத் தீர்மானித்திருந்தது. எம் இரண்டு கட்டங்களும் அத்தகைய பணியே. விருந்தினர் வினாவும் அத்தகையதே. "எந்தப் பாஷையில நெனைக்கிற?" என்று கேட்ட அளவில், நினைவு என்றால் அது ஏதேனும் ஒரு மொழியில்தான் நிகழும் என்றும், அம்மொழி ஒன்றே என்றும், அதனைச் சொல்லியே தீரவேண்டும் என்றும் மூன்று முடிவுகள் பிள்ளையின் உள்ளத்தில் ஊன்றப்பட்டுவிடுகின்றன.

அருவிப்புறமும் கண்ணாடியும்

நெய்யாற்றின் கரையில், நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ளது அருவிப்புறம். 1888இல் நாராயண குரு அங்கே ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுவினார். தமிழும் நன்கறிந்து தமிழிலும் பாடிய அப்பெரியார், 1927இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் உருவச்சிலைக்கு மாறாகக் கண்ணாடியை நிறுவினார். அவருக்கு முன்பே தென்திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் வழிவந்தோரும் சாமிதோப்பில் கண்ணாடி முன் நின்று வழிபட்டனர். இவற்றின் சமயப் பொருளை உரைப்பது எம் பணியன்று. லைப்சிக்கின் சோதனையும் இவர்தம் வழிபாடும் ஒன்றே என்று சொல்லவும் யாம் துணியோம். அங்கே தேடியது உணர்வின் கூறுகளை. இங்கே தேடியது வேறு. ஆயினும், தன்னைத் தானே காணுதல் உயர்ந்தது என்று கருதிய ஒரு மண்ணில் நாம் வாழ்கிறோம். இங்கே ஆசிரியரும் பெற்றோரும் அக்கண்ணாடியிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. எதிரே நிற்பவர் முகத்தையே கண்ணாடி காட்டும். தன் முகத்தை அதன்மேல் ஒட்டாது.

பெற்றோர் செயத்தக்கது

"இவ்வாறு விட்டுவிட்டால் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவரே; உள்ளத்தில் தமிழ் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கவும் கூடாதா?" என்று அன்பர்கள் வினவலாம். அவ்வச்சம் பொய்யன்று. எல்லைப்புறத்தில் ஒரு தலைமுறையில் பேச்சிலிருந்தும் அடுத்த தலைமுறையில் எழுத்திலிருந்தும் மொழி நழுவிய வீடுகளை யாமே கண்டிருக்கிறோம். ஆயின் இரண்டு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். மொழியைத் தருவது பெற்றோர் கடமை. அதனை உணவு பரிமாறும்போதும் காசு எண்ணும்போதும் கதை சொல்லும்போதும் கோபிக்கும்போதும் கொஞ்சும்போதும் தாராளமாகத் தருக. எழுதவும் படிக்கவும் பழக்குக. அது வேறு. உள்ளத்தில் எது முதலில் தோன்றிற்று என்று சொல்லுதல் பிள்ளைக்கு மட்டுமே உரியது. அவ்விடத்தில் நம் விருப்பத்தை நுழைத்தால் பிள்ளைக்குத் தமிழ் கூடுதலாக வந்துவிடப்போவதில்லை. தன் நெஞ்சு கண்டதை மறைத்து, பிறர் முகம் விரும்பியதைச் சொல்லும் பழக்கமே வரும். இன்று மொழி பற்றிய வினாவுக்கு அவ்வாறு விடை சொல்லப் பழகிய பிள்ளை, நாளை தனக்குற்ற துன்பத்தைப் பற்றிக் கேட்கும்போதும் "ஒன்றுமில்லை" என்றே சொல்லும். நெஞ்சறியப் பொய் சொல்லாதே என்று அறிவுறுத்தும் நாமே, நெஞ்சு அறியாமலே பொய் சொல்லக் கற்பித்தவர்கள் ஆவோம்.

கேட்கவே கூடாது என்பதும் எம் கருத்தன்று. கேட்கும் முறையைச் செய்முறை உளவியலின் வெற்றியிலிருந்தும் தோல்வியிலிருந்தும் கற்கலாம். விடைகளை நாமே இரண்டாகப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாகாது, "என்ன தோன்றிற்று?" என்று திறந்து கேட்க வேண்டும். நிகழ்ந்து நெடுநேரம் கழித்துக் கேளாமல் அணித்தே கேட்கவேண்டும். 'ஏன்' என்பதைக் காட்டிலும் 'எது' என்று கேட்பது நன்று. ஒருமுறை சொன்னதை முடிவாகக் கொள்ளாமல், வேறொரு நாள் வேறொருவர் கேட்கும்போது என்ன சொல்கிறது என்றும் நோக்க வேண்டும். விடை நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும் முகம் மாறாதிருக்க வேண்டும். இவற்றுள் இறுதியானதே மிகக் கடினம். வுண்டின் ஆய்வகத்தில் காண்பவருக்குப் பதினாயிரம் முறைப் பயிற்சி வேண்டியிருந்தது எனில், நம் வீடுகளில் அத்துணைப் பயிற்சி கேட்பவருக்கே வேண்டும்.

பிள்ளை சற்று எண்ணிப் பார்த்துவிட்டுத் "தெரியல்ல" என்று சொல்லுமாயின், அதனை அறியாமை என்று தள்ளிவிட வேண்டா. உள்ளே நோக்கி, அங்கே கட்டத்துள் அடங்காத ஒன்றைக் கண்டு, இல்லாததை இருப்பதாகச் சொல்ல மனம் ஒப்பாமல் அச்சொல்லைச் சொல்லியிருக்கலாம். தமிழ் கற்ற பிள்ளை அந்நேர்மையையும் உடன்கற்றிருந்தால், அதனினும் மேலான பேறு பெற்றோர்க்கு வேறில்லை.

எம் மாணவியின் விடைத்தாளில் யாம் எழுதிய சிவப்புச் சொற்களை இனி அழித்தல் இயலாது. அவள் இன்று எங்கிருக்கிறாள் என்பதும் அறியோம். இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுள் ஒன்றில் தாயாகவும் இருக்கலாம். அவள் வீட்டுப் பிள்ளையிடம் எவரேனும் அவ்வினாவைக் கேட்கும்போது, பிள்ளை திரும்பிப் பார்க்கும் முகம், "நீ கண்டதைச் சொல், மக்களே" என்று மட்டும் சொல்லும் முகமாக இருக்கவேண்டும் என்பதே எம் வேட்கை.